ஜாவாத் தலைவரின் தொழுகை

நானா,

இன்று காலை ஆஹெனிலிருந்து வந்த ரயில் உங்கள் ஊர் நிலையத்தில் நின்று கதவைத் திறந்ததும் சீனிக்கிழங்கு அவியும் மணம் உள்ளே வந்தது. எதிரில் இருந்த பெண் மூக்கைச் சுளித்துக் கழுத்துத் துணியை மேலே இழுத்துக்கொண்டாள். ஈரமண், வெந்த கிழங்கு, கொஞ்சம் அழுகல் எல்லாம் கலந்த மணம் அது. அறுவடை தொடங்கினால் ஜனவரி வரை அந்த ஊரை விட்டுப் போகாது. முதன்முறை நான் அதைப் பற்றி முறையிட்டபோது நீங்கள் சொன்னீர்கள்: "இது சீனி மணம் இல்லைத் தங்கச்சி. சீனி வாறதுக்கு முந்திப் படுற பாடு மணக்குது."

நீங்கள் இல்லாத முதல் கிழங்குக் காலம் இது. சீனி ஆலை உங்களுக்காக ஒரு மணித்தியாலமும் பிந்தவில்லை. நீங்களும் அதை எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள்.

நான் வேலை செய்யும் பல்கலைக்கழக நூலகத்துக்கு நீங்கள் வந்த நாள் ஞாபகம் வருகிறது. ஆலைச் சப்பாத்தோடு நேரே வந்திருந்தீர்கள். ஜெர்மனியில் எவரிடமும் கேட்பதுபோல டொச்சில் ஏதோ கேட்கத் தொடங்கி, என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்து நிறுத்தினீர்கள்.

"தமிழோ?"

"ஓம்."

"யாழ்ப்பாணமோ?"

"ஓம்."

"நானும்தான். சோனகத் தெரு."

நான் உங்கள் முகத்தைப் பார்க்காமல் மேசையிலிருந்த புத்தகங்களை அடுக்கினேன். என் வயது யாழ்ப்பாணத்தவர்களுக்கு அந்தத் தெருவின் பெயரோடு கூடவே வருவது என்னவென்று தெரியும். தொண்ணூறாம் ஆண்டு, இரண்டு மணித்தியாலத்தில் முஸ்லிம்கள் எல்லோரும் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று ஊரை ஆண்ட ஆயுத இயக்கம் அறிவித்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. அடுத்துப் பள்ளிக்கூடம் போன நாளில் வகுப்பில் மூன்று கதிரைகள் காலியாக இருந்தன. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நீங்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒரு மனிதரைப் பற்றிப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் தேநீர் குடிக்கும்போது இந்தோனேசியர் ஒருவர் சொல்லியிருக்கிறார்: நூறு வருடத்துக்கு முன் ஜாவாவில் சீனி ஆலைத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டிய ஒரு முஸ்லிம் தலைவர் இருந்தாராம். "நானும் சீனி ஆலைக்காரன், நானும் முஸ்லிம், நானும் சங்கக்காரன். எனக்கு இவரைத் தெரியாமப் போச்சே," என்று ஏதோ சொந்தக்காரரைத் தவறவிட்டவர் போல வருத்தப்பட்டீர்கள்.

புத்தகங்கள் இருந்தன. ஆனால் முக்கியமானவை அன்று ஜாவாவை ஆண்ட ஒல்லாந்தரின் மொழியில். எனக்கு அது வாசிக்க வரும். சுருக்கத்தை டொச்சில் எழுதித் தரட்டுமா என்றேன். "டொச்சில வாசிச்சா தலைக்குள்ள போகும். தமிழில வாசிச்சாத்தான் கீழ இறங்கும்," என்றீர்கள்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. நீங்கள் ஆலையில் நிரந்தர வேலைக்காரர், தொழிலாளர் பிரதிநிதியும்கூட. ஆனால் கிழங்கு கழுவும் பகுதியில் வேலை செய்த நம்மவர்கள் எல்லோரும் பருவகால ஆட்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் வேலை முடியும். அடுத்த அறுவடைக்குக் கூப்பிடுவார்களா என்பது மேற்பார்வையாளரின் முகத்தைப் பொறுத்தது. அடுத்த பருவத்துக்கும் தங்களை எடுக்கவேண்டும் என்று எழுத்தில் கேட்டு, எல்லோரும் சேர்ந்து கையெழுத்து வைக்கவேண்டும் என்பது உங்கள் ஆசை. அவர்களோ பயந்தார்கள். "நான் நிரந்தரம். எனக்கு ஒண்டும் போகாது. நான் போய் அவையளைப் பயப்பிடாதேங்கோ எண்டா ஆர் கேப்பினம்? இவர்ர கதையை வாசிச்சுக் காட்டினா கேப்பினம்," என்றீர்கள்.

எனக்கு நாயகர்களில் நம்பிக்கை குறைவு. நாயகர்கள் மலிந்திருந்த காலத்தில் வளர்ந்தவள் நான். என்றாலும் எழுத ஒப்புக்கொண்டேன். சோனகத் தெருவில் அண்ணனுக்குச் சொல்லும் நானா என்ற சொல்லால் உங்களைக் கூப்பிடத் தொடங்கியதும் அப்போதுதான். மாதம் ஒரு சனிக்கிழமை, உங்கள் ஊர் நிலையத்துக்கு முன்னால் இருக்கும் பேக்கரியில் சந்தித்தோம். நான் தட்டச்சுச் செய்த பக்கங்களைத் தருவேன். நீங்கள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை மூக்கோடு சேர்த்துப் பிடித்து, வாய்விட்டு வாசிப்பீர்கள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும்.

தலைவர் அரச குடும்பத்தோடு உறவுள்ள வீட்டில் பிறந்தவர். ஒல்லாந்தரின் அரசாங்கத்தில் உத்தியோகம் பார்த்தவர். தன்னோடு வேலை செய்த ஒருவரைச் சங்கத்தில் சேர்ந்ததற்காக நீக்கியபோது, தன் உத்தியோகத்தையும் எறிந்துவிட்டு வந்தார் என்று சொல்லப்படுகிறது. பிறகு சீனி ஆலைத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டினார். இந்தோனேசியா என்ற நாடு வரைபடத்தில் இல்லாத காலத்திலேயே அது தனிநாடாக வேண்டும் என்று நினைத்தவர்களில் ஒருவர். ஒல்லாந்துப் பத்திரிகைகள் அவரை வேலைநிறுத்தங்களின் அரசன் என்று கேலி செய்தன.

"கேலியோ? நல்ல பட்டமெல்லோ," என்றீர்கள்.

சென்ற ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை, நான் போகுமுன்பே வந்து காத்திருந்தீர்கள். பக்கங்கள் எல்லாம் மேசையில் அடுக்கியிருந்தன. நீங்கள் கோப்பி சொல்லியிருக்கவில்லை.

"தங்கச்சி, ஒண்டு கேப்பன். கோவிக்கக் கூடாது."

"கேளுங்கோ நானா."

"இந்த மனிசன் தொழுறவரோ, இல்லையோ?"

"தொழுதவர்தான்."

"எத்தினையாம் பக்கத்தில?"

நான் மேசையிலிருந்த தாள்களைப் புரட்டினேன். நடந்ததை நீங்களே சொன்னீர்கள். பள்ளிவாசலில் அந்த இந்தோனேசியருக்கு என் பக்கங்களை டொச்சில் சொல்லிக் காட்டியிருக்கிறீர்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது எங்கள் ஆள் மாதிரித் தெரியவில்லையே, யாரோ பெர்லின் சோசலிஸ்ட் மாதிரி இருக்கிறாரே," என்றாராம். அவர் பிழையாகச் சொல்லவில்லை. அந்த மனிதர் நின்ற முஸ்லிம் இயக்கத்தை ஒரு வரியில் முடித்திருந்தேன். அவர் உரிமை கேட்டதும் இறைவனை நம்பியதும் அவருக்கு ஒன்றாகவே இருந்தன. நான் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டிருந்தேன்.

"அது சங்கத்துக்குத் தேவையில்லை எண்டு விட்டிட்டன்," என்றேன்.

"தேவையில்லை எண்டு ஆர் சொன்னது? அவரோ, நீங்களோ?"

நான் விளக்கம் சொல்லப் பார்த்தேன். ஒல்லாந்து அதிகாரிகளின் கண்ணில் அது மதவெறி. அந்தப் பார்வையைத் தமிழில் நானும் எழுதிவைக்க விரும்பவில்லை. இந்த நாட்டிலும் தாடி வைத்த ஒருவர் உரிமை கேட்டால் எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். எல்லாம் உண்மைதான். ஆனால் அவை எல்லாவற்றுக்கும் அடியில் வேறொன்று இருந்தது. எனக்கே அந்த வரிகள் பிடிக்கவில்லை. ஒரு நல்ல மனிதருக்கு அது ஒரு குறை என்பதுபோல மறைத்துவிட்டேன்.

நீங்கள் கேட்டுவிட்டுச் சிரித்தீர்கள். "எங்களைத்தான் ஊரால எழுப்பினவை. நீங்கள் அந்த மனிசன்ர தொழுகையையும் எழுப்பிப் போட்டியள், என்ன?"

பகிடியாகத்தான் சொன்னீர்கள். உடனே எழுந்துபோய் எனக்கும் கோப்பி வாங்கி வந்தீர்கள். ஆனால் முப்பத்து நாலு வருடங்களுக்குப் பிறகு எனக்கு அந்த மூன்று கதிரைகள் ஞாபகத்துக்கு வந்தன. அன்றுதான் உங்களுக்கு அதைச் சொன்னேன். வேறு எவருக்கும் சொன்னதில்லை. நீங்கள் கோப்பியைக் கலக்கிக்கொண்டே கேட்டீர்கள்: "அதில ஒருத்தி எங்கட மச்சாளாயும் இருக்கலாம். பேர் என்ன?" எனக்கு ஒரு பெயர்தான் நினைவிருந்தது. உங்களுக்குத் தெரியாத பெயர்.

நான் திரும்பவும் முதலிலிருந்து எழுதினேன். இம்முறை ஒன்றையும் விடுவதில்லை என்று பிடிவாதமாக இருந்தேன். தொழுகை வந்தது. கூடவே மற்றவையும் வந்தன. ஆலை முதலாளிகள் சங்கத்தோடு பேசவே மறுத்தது, அரசாங்கம் அவர்கள் பக்கம் நின்றது, வேலைநிறுத்தம் உடைந்தது, ஆட்களை வேலையிலிருந்து நீக்கியது, சங்கம் கரைந்துபோனது, தலைவர் மறியலில் அடைபட்டது.

நான் எழுதி முடித்தபோது நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். உங்களால் உரக்க வாசிக்க ஏலாமல் போயிருந்தது. நான் வாசித்தேன். தொழுகை வந்த இடத்தில் கண்ணை மூடித் தலையாட்டினீர்கள். தோல்வி வந்த இடத்தில் கையை உயர்த்தினீர்கள்.

"இதை எடுங்கோ தங்கச்சி."

"எதை?"

"தோத்ததை. இதைக் கேட்டா ஒருத்தரும் கையெழுத்து வையாயினம்."

"நானா, நான் ஒண்டை எடுத்ததுக்கு என்னை என்ன கேட்டனீங்கள்?"

நோயாளியோடு இப்படிப் பேசலாமா என்று எனக்கே கூசியது. நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். தாதி வந்து ஊசிக்குழாயைப் பார்த்துவிட்டுப் போனாள். பிறகு மெதுவாகச் சொன்னீர்கள்: "நீங்கள் பொல்லாத ஆள். சரி, வாசியுங்கோ. ஆனா நீங்கள்தான் வாசிக்க வேணும். என்னால ஏலாது."

கூட்டத்தில் பேசுவதென்றால் எனக்கு எவ்வளவு வெறுப்பு என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டீர்கள்.

ஜனவரி முதல் வாரம் உங்களை அடக்கம் செய்தார்கள். ஆண்கள் வரிசையாக நின்று தொழுதபோது நான் தள்ளி நின்றேன். என் பக்கத்தில் மன்னார் அக்கா நின்றார். கிழங்கு கழுவும் பகுதியில் ஒன்பது பருவம் வேலை செய்தவர், கத்தோலிக்கர். செபமாலையைக் கோட்டுப் பைக்குள் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். "நானா குறை நினைக்க மாட்டார்," என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்.

அடுத்த கிழமை, உங்கள் சங்கத்தார் அனுமதி எடுத்துத் தர, கையெழுத்துத் தாளையும் கொண்டுபோய் ஆலையின் சாப்பாட்டு அறையில் மதிய இடைவேளையில் வாசித்தேன். கிழங்கு கழுவும் நம்மவர்கள் ரப்பர் சப்பாத்துகளோடு உட்கார்ந்து பாணைக் கடித்தபடி கேட்டார்கள். தொழுகையையும் வாசித்தேன், தோல்வியையும் வாசித்தேன். முடிந்ததும் சிலர் மணிக்கூட்டைப் பார்த்தார்கள். உங்கள் கணிப்புத்தான் சரி என்று நினைத்தேன்.

மன்னார் அக்காதான் கேட்டார்: "அப்ப, வேலை போனவை பிறகு என்ன செய்தவை?"

"தெரியாது அக்கா. நான் வாசிச்ச புத்தகங்களில அது இல்லை."

"எழுதாயினம்." கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "எங்களுக்கென்ன, தோக்கிறது புதுசோ? பேனையைத் தாங்கோ."

அவருக்குப் பின்னால் ஒருவர், பிறகு இன்னொருவர். எல்லோரும் வைக்கவில்லை. இருவர் கழிவறைக்குப் போவதுபோல் எழுந்து போய்விட்டார்கள். அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன்.

இந்தப் பருவத்துக்கு, கையெழுத்து வைத்தவர்களை ஆலை திரும்பக் கூப்பிட்டுவிட்டது நானா. ஒருவரைத் தவிர. யாரென்று நான் சொல்லத் தேவையில்லை. இடமில்லை என்று இரண்டு வரிக் கடிதம் வந்தது. முதலில் கையெழுத்து வைத்தவர் அவர். பட்டியலில் அவர் பெயர்தான் மேலே இருந்தது. நான் வாசித்துத்தான் அவர் வைத்தார். தோல்வியை வெட்டிவிட்டு வாசித்திருந்தால் அவர் என்னைக் குற்றம் சொல்லியிருக்கலாம். முழுவதையும் கேட்டுவிட்டு வைத்தபடியால், என்னைத் தேற்றும் வேலையும் அவர் தலையில் விழுந்தது. "விடுங்கோ பிள்ளை, தெரிஞ்சுதானே வைச்சனான்," என்கிறார்.

உங்கள் சங்கம் வழக்கறிஞர் ஒருவரைப் பிடித்துத் தந்திருக்கிறது. வெல்லலாம், தோற்கலாம் என்கிறார் அவர். தொழிலாளர் நீதிமன்றத்தில் முதல் விசாரணை டெர்மின் வருகிற செவ்வாய்க்கிழமை. அக்காவுக்கு டொச் போதாது. மொழிபெயர்க்க நான் கூடப் போகிறேன். இன்று ரயில் ஏறி அந்த ஊருக்கு வந்ததும் அதற்காகத்தான். அவருடைய சமையலறையில் உட்கார்ந்து, என்ன சொல்லப்போகிறார் என்று ஒருமுறை கேட்டுக்கொண்டேன்.

ஒன்பது பருவத்தையும் ஒழுங்காகச் சொல்லி வந்தவர் நடுவில் நிறுத்தினார்.

"பிள்ளை, அண்டைக்குப் பேனையைப் பிடிக்கேக்க நான் அந்தோனியாரிட்டக் கேட்டிட்டுத்தான் வைச்சனான். அதை நீதவானுக்குச் சொல்லலாமோ? வழக்குக்குத் தேவையில்லை எண்டா விடுவம்."

"சொல்லுங்கோ அக்கா," என்றேன். "நான் மொழிபெயர்ப்பன்."