தச்சரின் எச்சில்

மார்ச் 3, செவ்வாய்

இன்று சிறைக்குப் போயிருந்தேன். ஆய்வுக்கு எச்சில் கொடுத்த கைதிகளில் தன் முடிவைக் கேட்டவர் சிறைப் பட்டறையில் வேலை செய்யும் தச்சர் ஒருவர்தான். கேட்டவருக்குச் சொல்லிவிடுவது எங்கள் ஆய்வக வழக்கம். சொன்னேன். மூர்க்கத்தோடு தொடர்பிருக்கலாம் என்று நாங்கள் தேடுகிற மரபணு வகை அவரிடம் இருக்கிறது. ஆனால் அது ஆயிரம் பேரைக் கூட்டிப் பார்த்தால் தெரிகிற சின்ன வித்தியாசம், தனி ஆளைப் பற்றி எதுவும் சொல்லாது என்று இரண்டு தடவை விளக்கினேன்.

சிரித்தார். "இங்க எச்சி துப்பினா வார்டர் அடிப்பாரு. நீங்க துப்பச் சொல்லி தேங்க்ஸ் சொல்றீங்க. இப்ப அதுலயே என் பழியில பாதி கரையுதுன்னா நல்லதுதானே டாக்டரம்மா?"

குடித்துவிட்டுச் சண்டையில் ஒருவனைக் கட்டையால் அடித்துக் கொன்றவர். உள்ளே வந்தபின் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லையாம். தண்டனை முடியுமுன் வெளியே விடலாமா என்று பார்க்க, அடுத்த மாதம் விடுதலைக் குழு அவரைக் கூப்பிடுகிறது.

ஏப்ரல் 9, வியாழன்

தச்சரின் அக்கா போனில் அழுதார். தம்பி குழுவின் முன்னால் தானாகவே மரபணு விஷயத்தைச் சொல்லியிருக்கிறார், இரக்கப்படுவார்கள் என்று நினைத்து. "அப்ப வெளிய விட்டா மறுபடி வருமே" என்றாராம் ஓர் உறுப்பினர். முடிவு தள்ளிப்போயிருக்கிறது.

"நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லிடுங்கம்மா. உங்க பேச்சக் கேப்பாங்க."

ஏப்ரல் 10

துறைத்தலைவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "நீ போனா நம்ம ஆய்வ நாமே மறுக்கற மாதிரி. போகலன்னா, இவங்க பொறக்கும்போதே குற்றவாளின்னு முத்திர குத்துறாங்கன்னு ஜனங்க நம்ம கேட்ல வந்து கத்துவாங்க. ஏம்மா, எலிய வச்சே பண்ணித் தொலச்சிருக்கக் கூடாதா?"

போகிறேன் என்றேன்.

ஏப்ரல் 21

நாளை. பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் ஒத்திகை.

ஏப்ரல் 22, புதன்

நீள மேசை, ஐந்து பேர், ஒரு மின்விசிறி. சராசரி என்றால் என்ன என்று நிதானமாகச் சொன்னேன். தலையாட்டினார்கள். கடைசியில் தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "அதெல்லாம் இருக்கட்டும். இந்த ஆள் இனிமே யாரையும் அடிக்கமாட்டார்னு உங்களால உறுதியா சொல்ல முடியுமா?"

முடியாது என்றேன்.

யாரைப் பற்றியுமே அப்படிச் சொல்ல முடியாது, உங்களைப் பற்றியும் என்னைப் பற்றியும்கூட என்று சேர்த்துச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் அதற்குள் பேனாவை மூடிவிட்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? இருபது வருடப் பழக்கம் — நிச்சயம் என்ற வார்த்தை வாயில் வராது. அறிவுகெட்ட ஜென்மம். ஒரு "முடியும்" சொல்லியிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்? பொய்யா அது? பொய்தான். போகட்டுமே.

வீட்டில் இவர் சொன்னார்: "காப்பி நல்லாருக்கான்னு கேட்டாலே 'ஒருவேளை'ம்ப. உன்ன நம்பி ஒரு ஆள் உக்காந்திருந்தானே."

விளையாட்டாகத்தான் சொன்னார். சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

ஏப்ரல் 24

மறுத்துவிட்டார்கள்.

மே 5

ஒன்றும் ஓடவில்லை. புது மாதிரிகள் குளிர்பெட்டியில் அப்படியே கிடக்கின்றன.

மே 19, செவ்வாய்

தச்சரைப் பார்க்க அனுமதி கிடைத்தது. அடுத்த வருடம் மறுபடி மனு போடலாம், இந்த முறை நான் ஒழுங்காகப் பேசுவேன், அந்த மரபணு முடிவுக்கு அவ்வளவு அர்த்தமில்லை என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"வேணாம் டாக்டரம்மா. படிச்சவங்க அஞ்சு பேரு யோசிச்சுதானே சொல்லிருக்காங்க."

பட்டறை வேலையை விட்டுவிட்டாராம். அவரே கேட்டு, பெருக்கும் வேலைக்கு மாறியிருக்கிறார். ஏன் என்றேன்.

"உளியும் சுத்தியும் என் கையில இருக்கறது பக்கத்துல நிக்கறவங்களுக்கு நல்லதில்லீங்க." கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார். "அக்காகிட்டயும் சொல்லிட்டேன், பிள்ளைங்களக் கூட்டிட்டு வராதன்னு."

மணி அடித்தது. எழுந்தேன். நான் வாசலைத் தாண்டும்வரை அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.