சிக்னலில் அணையாத வண்டி

மார்ச் 4, செவ்வாய்

சிக்னலில் நின்றால் வண்டி தானாக அணைவதில்லையாம். சாப்பிடும்போது மனைவி சொன்னாள். பிரேக்கை மிதித்து நிறுத்தினால் அணைந்து, காலை எடுத்தால் தானே கிளம்பும் வண்டி. ஒரு வாரமாகச் சும்மா உறுமிக்கொண்டே நிற்கிறதாம்.

வண்டி எங்கே இருக்கிறது என்று என் போனில் காட்டும் கருவியை நான் அவளுக்குத் தெரியாமல் பேட்டரியில் இணைத்து இன்றோடு ஒன்பது நாள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது. லிஃப்ட் ரிப்பேர் செய்தே தலை நரைத்தவனுக்கு இரண்டு வயர் பிடிக்கத் தெரியாதா?

ஆனால் இதை ஏன் என்னிடம் சொல்கிறாள்? கண்டுபிடித்துவிட்டு ஆழம் பார்க்கிறாளா?

மார்ச் 5, புதன்

ஏசி அதிகம் வைத்தால் அணையாது, என்ஜின் சூடாகாவிட்டால் அணையாது, பானெட் சரியாக மூடாவிட்டாலும் அணையாது என்று வாய் சும்மா இல்லாமல் அடுக்கினேன்.

"பானெட்ட யாரு தொறந்தா?" என்றாள்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதா என்ன.

மார்ச் 7, வெள்ளி

ஐந்தே காலிலிருந்து ஆறே கால் வரை வண்டி ஒரே இடத்தில் நிற்பதாகப் போன் காட்டுகிறது. மூடிக்கிடக்கும் ஃபர்னிச்சர் கடையின் பின்பக்கம். இந்த வாரத்தில் நான்காவது தடவை. பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்காருகிறவளுக்கு அங்கே என்ன வேலை? ஏன் லேட் என்று கேட்டேன். கூட்டம் என்றாள்.

பொய். முகம் மாறாமல் சொல்கிறாள்!

மார்ச் 11, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டுவிட்டு அங்கே போனேன். ஒரு லாரிக்குப் பின்னால் ஒரு மணி நேரம் நின்றேன். வண்டி வந்தது. அவள் மட்டும்தான். சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். என்ஜின் ஓடவில்லை, பாட்டு மட்டும் லேசாகக் கேட்டது. யாரும் வரவில்லை. பிறகு எழுந்து தலையைச் சரிசெய்துகொண்டு கிளம்பிவிட்டாள்.

இன்றைக்கு அவன் வரவில்லை. அப்படித்தானே இருக்க வேண்டும்? வேறு என்ன?

மார்ச் 13, வியாழன்

சனிக்கிழமை மெக்கானிக்கிடம் விடப்போகிறாளாம். நானே பார்க்கிறேன் என்றேன், வேண்டாமாம். கருவியைக் கழற்றலாம் என்றால் சாவி அவள் கைப்பையில். பை அவள் தலைமாட்டில். எதற்கு இவ்வளவு பத்திரம்? இந்த மெக்கானிக் யார்? என்ன வயசு இருக்கும்?

மார்ச் 15, சனி

நானும் கூடவே போனேன். மெக்கானிக்குக் கிட்டத்தட்ட எழுபது வயது. காது மந்தம், அதனால் ஊருக்கே கேட்கிற மாதிரிப் பேசுகிறார்.

பேட்டரியின் மைனஸ் முனையில் ஒரு சென்சார் இருக்கிறதாம். எவ்வளவு கரண்ட் போகிறது, வருகிறது என்று அது கணக்கு வைக்குமாம். என் வயர் அதைத் தாண்டி நேராக முனையிலேயே மாட்டியிருந்தது. கணக்கு குழம்பி, அணைத்தால் மறுபடி கிளம்புமோ என்று பயந்து வண்டி அணைவதையே நிறுத்திவிட்டதாம். "வயர் வேல தெரிஞ்சவன்தான் மாட்டியிருக்கான். கார்தான் தெரியல," என்றார். போதாததற்கு, என்ஜின் ஓடாமல் யாரோ தினமும் ரொம்ப நேரம் பாட்டு கேட்கிறார்கள், பேட்டரி பாதி காலி என்றும் சொன்னார்.

தீப்பெட்டி அளவுக் கருவியை அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் சொன்னாள்: "அங்க ஒரு மணி நேரம் என்ன பண்ணேன்னுதானே தெரியணும்? சும்மா உக்காந்திருந்தேன். அங்கதான் என்னை யாரும் எதுவும் கேக்கலை."

மார்ச் 16, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டே போனாள். பஸ்ஸில். வண்டிச் சாவி மேசைமேல் இருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

நாலு நாளாக அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரு தெரியும், வீடு தெரியும், எந்த அறை என்றுகூடத் தெரியும். வாசல்வரை போய்விட்டு, மணி அடிக்காமல் திரும்பி வந்தேன்.