இரண்டாவது கையெழுத்து

நவம்பர் 12, புதன். கடலூர் முதுநகர்.

காலை ஏழு மணிக்குச் சிதம்பரத்தில் என் நண்பன் ராமலிங்கம் இறந்துவிட்டான். அவன் மனைவி செல்வி போனில் உறுதிசெய்தார்.

நாவலாசிரியன் ஆவதற்கு முன் அவன் விமானப் பொறியாளர். ஒருவர் முடித்த வேலையை இன்னொருவர் சோதித்துக் கையெழுத்திட்டால்தான் விமானம் பறக்கும் என்பான். அந்தப் பழக்கத்தில், நான் படித்துக் கையெழுத்திடாமல் எந்த நாவலையும் அவன் அச்சுக்கு அனுப்பியதில்லை.

கடைசி நாவலின் கைப்பிரதி மூன்று மாதமாக என் மேசையில் கிடக்கிறது. போன வாரம் படுக்கையிலிருந்தே சிரித்தான்: "என்னா மச்சான், என் பிளேனப் பறக்கவே வுட மாட்டியா?"

இன்று அவன் உடலருகே செல்வி கேட்டார்: "கையெழுத்து போட்டாச்சாண்ணே? நேத்துகூடக் கேட்டாரு."

"போட்டாச்சும்மா" என்றேன்.

இத்தனை வருட நிருபர் வேலையில், சரிபார்க்காத ஒரு வரியைக்கூட நான் செய்தியில் எழுதியதில்லை.

முதல் பக்கத்தை இப்போதுதான் திறந்தேன். பதினாறாம் நாள் காரியத்தன்று கைப்பிரதியைக் கொடுக்க வேண்டும். கையெழுத்து பாக்கி.