பெயின்ட்டுக்கு மேல் எடுத்த அளவு

14 ஒக்டோபர் 2024

லிந்துலை. கொழும்புக் கம்பெனி அனுப்பி, நான் பிறந்த தேயிலைத் தோட்டத்து ஆலையிலேயே, எங்கள் பேச்சில் ஸ்டோரிலேயே, இன்றைக்குச் சோதனை வேலை. கொழுந்து அரைக்கிற ரோலர்களின் இரும்புத் தண்டுக்குள் ஒலியை அனுப்பி, மறுமுனையில் பட்டு எவ்வளவு திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். ஓடி ஓடிக் களைத்த இரும்பு ஒலியை விழுங்கிவிடும், வெடிப்பு கண்ணுக்குத் தெரிய ரொம்ப நாள் முன்னாலேயே.

ஆயுத பூசைக்காகத் தண்டு முனைகளில் கனமாகச் சிவப்பு பெயின்ட், மேலே சந்தனம், குங்குமம். சுரண்டப் போனேன். மூன்றாம் ரோலரில் நிற்கிற மாயாண்டி அண்ணன் தடுத்தார். "பூசை போட்டு மூணு நாளுதான் ஆகுது. சுரண்டாதம்மா வினோதா, ஆகாது."

எனக்கும் மனசு வரவில்லை. பெயின்ட்டுக்கு மேலேயே அளந்தேன். மூன்றாம் ரோலரில் போன வருஷத்தில் பாதிதான் திரும்பியது. பெயின்ட் தின்றிருக்கும் என்று 'பழுதில்லை' போட்டேன்.

16 ஒக்டோபர்

மற்ற ரோலர்களிலும் அதே பெயின்ட்தானே? அதில் ஏன் குறையவில்லை? ஸ்டோருக்கு ஃபோன் பண்ணணும்.

5 நவம்பர்

பண்ணவில்லை. கொழும்பில் வேலைக்கு மேல் வேலை. சாக்குச் சொல்ல நல்லா வருது எனக்கு.

12 நவம்பர்

மூணாம் ரோலர் தண்டு முறிஞ்சிருச்சு. மாயாண்டி அண்ணனோட வலது கை போச்சு. முழங்கைக்குக் கீழ எடுத்துட்டாங்களாம்.

ஒரு ஃபோன். ஒரே ஒரு ஃபோன்டி பாவி.

15 நவம்பர்

முறிந்த துண்டைப் பார்த்தேன். பாதிக்கு மேல் பழைய வெடிப்பு, கறுத்து, வரி வரியாக. பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு அளந்தேன். அப்போதும் ஒலி திரும்பவில்லை; தின்றது பெயின்ட் இல்லை.

தோட்டத்து மேனேஜர் தொரை சொல்கிறார்: "நல்லா இருக்குன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க. மாயாண்டி கொழுந்த கூடுதலா அமுக்கிட்டான். அறிக்கையில அப்படியே எழுதுங்க." எழுதினால் அண்ணனுக்கு வேலையும் இல்லை, தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவும் இல்லை. எழுதாவிட்டால் எனக்கு வேலை இல்லை.

17 நவம்பர்

எழுதலை. தொரை சொன்னதையும், உண்மையையும்.

18 நவம்பர்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். எல்லாத்தையும் சொல்லிடத்தான் போனேன். அவர் முந்திக்கொண்டார்.

"சுரண்ட வேணாம்னது நாந்தானே. அத எங்கயும் சொல்லிறாதம்மா, ஒன் வேல போயிரும். கூடுதலா அமுக்கினேன்னு தொரை காயிதம் கொண்டாந்தாங்க. கையெழுத்துப் போட கையேது? எடது பெருவெரல வச்சிட்டேன்."

"நீங்க சொன்னாலும் நான் சுரண்டியிருக்கணும்ணே" என்றேன். நர்ஸ் வந்துவிட்டாள்.

19 நவம்பர்

உள்ளது உள்ளபடி எழுதி அனுப்பிவிட்டேன். என் பெயரைப் போட்டு.

9 டிசம்பர்

என்னை வேலையிலிருந்து நிறுத்தி இரண்டு வாரமாகிறது. விசாரணையில் என் அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, அண்ணன் ரேகை வைத்த காகிதத்தையே எடுத்துக்கொண்டார்கள்.

இன்றைக்கு அண்ணன் வீட்டார் காம்பராவைக் காலி செய்தார்கள். பொகவந்தலாவையில் அவர் தங்கச்சி வீட்டுக்காம். அவர் மனைவி நாகலெட்சுமி அக்கா மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் முன்னால் இறங்கிப் போனார். தகரப் பெட்டியின் ஒரு பக்கத்தை நான் பிடித்தேன், மறுபக்கத்தை அண்ணன் இடது கையால் பிடித்தார்.

"பாத்து வாம்மா, படி வழுக்குது" என்றார்.