வௌவால் மாமனின் கல்யாணத் தூது

மொன்றியல்,
கார்த்திகை 9

அன்புள்ள மருமகள் தனுஷாவுக்கு,

வன்கூவர் மழையில் நீ தடிமன் இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன், இங்கே உன் அம்மாவின் முழங்கால் நோவும் என் அழகும் ஒரு குறையுமில்லாமல் இருக்கின்றன. உன் அப்பா போன நாளிலிருந்து தகப்பன் பதவியையும் சேர்த்துச் சுமக்கிற மாமன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். உன் அண்ணன் வசீகரனின் தை மாதக் கல்யாணத்துக்கு, கோத் ஸ்டைல் என்று நீ பெயர் சொல்லி உடுத்துகிற கறுப்பு உடுப்போடுதான் வருவேன் என்று நீயும், கறுப்பெண்டால் வரத் தேவையில்லை என்று உன் அம்மாவும் சொல்லி ஃபோனை வைத்து இரண்டு மாதம். அன்று தொடங்கிய மௌனத்தில் எங்கள் ஃபிரிட்ஜ் மூச்சு விடுவது தூரத்துப் புவாண்ட்-கிளேர் வரைக்கும் கேட்கிறது. நீ கண்ணுக்கு அப்புகிற மையை அவள் குறை சொன்னபோது, நீ பிறந்த முப்பத்தோராம் நாள் உன் கன்னத்தில் ரொட்டி அளவு கறுப்புப் பொட்டு வைத்தது யார் என்று கேட்டு நானும் இரண்டு நேரச் சாப்பாட்டை இழந்தேன்.

இனி நடந்ததைக் கேள். டோர்வல் விமான நிலையத்தில் நாங்கள் பெட்டி ஏற்றுகிற இடத்தில் ஹாலோவீனுக்கு வேடப் போட்டி, வீட்டில் தைத்தது மட்டும்தான் செல்லும். நான் வௌவாலாக அவதரிப்பதென்று தீர்மானித்து, மாதிரிக்கென்று நீ அலுமாரியில் விட்டுப்போன நீளக் கறுப்புக் கோட்டை உன் அம்மாவின் தையல் மெஷினில் போட்டேன். உந்தச் சவத்தை ஏன்டா என்ர மெஷினிலை போடுறாய் என்றாள். பிறகு உள்பக்கத்தைத் திருப்பினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மடிப்பு மடிப்பாகத் தடவி, இதை ஆர் தைச்சது என்றாள். உன்ர மகள்தான் என்றேன். நான் அவளை மெஷினைத் தொடவே விடேல்லையே, எங்கை பழகினவள் என்றவள், தேத்தண்ணி ஐஸ்கட்டியாகும்வரை கோட்டை மடியிலிருந்து இறக்கவில்லை. அன்று பின்னேரமே சிவநேசம் மாமிக்கு ஃபோன் எடுத்து, கொலர் வைச்சிருக்கிறாள் பாருங்கோ, கடைக்காரன்கூட இப்பிடி வைக்க மாட்டான் என்று முக்கால் மணித்தியாலம் கதைத்ததைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கௌரவமாக ஒட்டுக்கேட்டேன். என் வௌவால் செட்டைகளையோ குளிர் ஜக்கெற்றுக்கு மேலே போடத்தக்கதாகத் தைத்துத் தந்தாள், ஒன்று டோர்வலிலும் மற்றது ஜான்-டலோன் சந்தையிலும் கிடந்தது, விமானங்கள் வழி விலகிப் போயின. முதல் பரிசு எனக்குத்தான், ஒரு பிளாஸ்டிக் பூசணிக்காய், அதற்குள் இப்போது உன் அம்மா வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள்.

முந்தாநாள் என்னையும் இழுத்துக்கொண்டு புடவைக்கடைக்குப் போய், கல்யாணத்துக்கு உனக்குத் தைக்கவென்று பட்டு வாங்கினாள். கரை மாதுளைச் சிவப்பு. நடுவில் என்ன நிறம் என்று கேட்டேன், கடும் நீலம் என்றாள். யன்னலடியிலும் பிடித்துப் பார்த்தேன், லைற்றுக்குக் கீழேயும் பிடித்துப் பார்த்தேன், அமாவாசையே அதைக் கண்டால் வெட்கப்படும். ஆனாலும் நீலம்தான் அக்கா என்று சொல்லிவிட்டேன், வசீகரனும் நீலம் என்கிறான், சம்பந்தி வீட்டுக்கும் நீலம் என்றே அறிவித்தாயிற்று. உன் வாயில் வேறு நிறத்தின் பெயர் வந்தால் தொலைந்தாய்.

நோய்நொடி இல்லாமல், விரும்பிய நிறத்தில் நூறு வயது இரு பிள்ளை. ரிக்கற்றை இந்தக் கிழமையே போடு. தோள், கை, இடுப்பு அளவுகளை எனக்கு அனுப்பு, அவள் கேட்டதாக உனக்குத் தெரியாது. கோட்டில் இடது கைக்கடியில் தையல் விட்டிருந்ததாம், அதை அவள் கடும் நீல நூலால் தைத்து வைத்திருக்கிறாள், அதுவும் உனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
டோர்வல் வானின் ஏக சக்கரவர்த்தி,
உன் மாமன் மகேந்திரராசா