செங்கல் பொடியில் ஒரு தடம்

அன்பு மகள் சொலாஞ்சுக்கு,

அப்பா அன்செல்ம் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு ஒடெட் எழுதுகிறாள். நான் நலம். மழை வருவதற்கு முந்தின நாளே முழங்கால் எனக்குச் செய்தி சொல்லிவிடுகிறது, அவ்வளவுதான். மொன்றியாலில் இந்நேரம் குளிர் இறங்கியிருக்கும். நீ டென்னிஸ் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகள் கூரை போட்ட களத்துக்குப் போயிருப்பார்கள். கழுத்தை மூடிக்கொள்.

தொலைபேசியில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். தொலைபேசியில் நீ சாப்பிட்டீர்களா என்று கேட்பாய், நான் சாப்பிட்டேன் என்பேன், அதோடு முடிந்துவிடும். ஒடெட் இப்போதே முணுமுணுக்கிறாள்: "இத்தனை வருஷமா உங்க வாயிலேருந்து வராத பேச்சையெல்லாம் என் கையை ஒடிச்சு எழுத வைக்கிறீங்களே." இதையும் எழுது என்றேன். எழுதிவிட்டாள்.

விஷயம் இதுதான். நம் ஊர் கிளப்பில் பெரிய களத்துக்கு உன் பெயர் வைக்கப் போகிறார்கள். கிளப் தலைவர் ரெமோன் உனக்கு நாலைந்து முறை எழுதினாராம், நீ பதில் போடவில்லையாம். அதனால் போன ஞாயிறு என் வீட்டுக்கு வந்தார். வெறுங்கையோடு வரவில்லை. அந்தப் பாரிஸ் ஆட்டத்தின் பழைய படத்தைத் துலூஸில் யாரோ ஒரு பையன் கணினியில் போட்டு, பந்து விழுந்த இடத்தை அளந்திருக்கிறானாம். அதைக் கொண்டுவந்து என் சாப்பாட்டு மேசையில், அவரை விதைக் குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

எனக்குப் படம் தேவையில்லை. என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. மூன்றாவது செட், ஐந்துக்கு நான்கு, உன் சர்வீஸ். ஒரு புள்ளி எடுத்தால் காலிறுதி. அந்த செக் நாட்டுப் பெண் திருப்பி அடித்த பந்து உன் பின்கோட்டுப் பக்கம் விழுந்தது. கோட்டு நடுவர் வெளியே என்று கையை நீட்டிவிட்டார், ஆட்டம் உனக்கு. எனக்கு முன்னால் இருந்தவர்கள் எழுந்து கத்தினார்கள். உன் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நீ மட்டும் கைகுலுக்க வலைப்பக்கம் போகவில்லை. நீல நாடாவைத் தலையிலிருந்து அவிழ்த்துக்கொண்டே பின்னால் நடந்தாய். குனிந்து, செம்பொடியில் பந்து பதித்த தடத்தைப் பார்த்தாய். பிறகு காலால் அதை அழித்துவிட்டு, பந்து கோட்டில் பட்டது என்று நடுவருக்குக் கையைக் காட்டினாய். அழித்தவள் விட்டுக்கொடுத்தவள். அந்தச் செங்கல் பொடிக் களத்தில் தடம்தான் சாட்சி, அது போனால் அதற்கு மேல் வழக்கு கிடையாது. அதன்பின் அந்த ஆட்டம் உன் கைக்குத் திரும்பவில்லை. அடுத்த வருடம் முட்டியில் அடி, அதற்கடுத்த வருடம் ஓய்வு, பிறகு கனடா.

ரெமோன் சொன்னது இது: "பெரியவரே, நல்லா பாருங்க. ஒரு விரல் அகலம் வெளிய விழுந்திருக்கு. உங்க பொண்ணு ஜெயிச்ச ஆட்டம் இது." பெயர்ப் பலகையில், பாரிஸில் வென்றும் வெற்றியை இழந்தவர் என்று எழுதப் போகிறார்களாம். உன்னிடமிருந்து பதில் வராததால் என்னைச் சம்மதம் சொல்லச் சொன்னார்.

சீட்டு மேசையிலும் இதே பேச்சுதான். கறிக்கடை மார்சலை நினைவிருக்கும். நீ தோற்று வந்த வாரம், "மனசாட்சிய வச்சுக்கிட்டு கோப்பை வாங்க முடியுமாய்யா" என்று என் முகத்துக்கு நேரே சிரித்தவன். இப்போது அவன், "நான் அன்னைக்கே சொன்னேன்ல, பந்து வெளியன்னு" என்கிறான். எங்கிருந்து பார்த்தாய் என்று கேட்டேன். வீட்டு டிவியில் என்றான். ஒடெட் விடவில்லை: "உங்க வீட்டு டிவியில ஆளே தெரியாது. உனக்குப் பந்து தெரிஞ்சுதாக்கும்." அவன் சீட்டைக் கவிழ்த்துவிட்டுக் கோப்பையிலிருந்த பாஸ்திஸ் மதுவைக் குடித்தான்.

எனக்குக் கோபம் மார்சல் மேல் இல்லை. அன்றைக்கு உன்னை முட்டாள் என்றார்கள், இன்றைக்கு ஏமாந்தவள் என்கிறார்கள். நீ குனிந்து பார்த்தாயே, அதைப் பற்றி அன்றும் யாரும் பேசவில்லை, இன்றும் பேசவில்லை. பந்து உள்ளேயா வெளியேயா என்று நான் உன்னைக் கேட்கப் போவதில்லை. நீ பார்த்ததைச் சொன்னாய். எனக்குத் தெரிந்தது அதுதான்.

ஆனால் ஒரு பயம் மூன்று நாளாக என்னைத் தின்கிறது. இத்தனை காலம் நீ நிம்மதியாகப் படுத்ததே பந்து கோட்டைத் தொட்டது என்ற உறுதியில்தான் என்றால், அதையும் இந்தப் படம் பிடுங்கிக்கொள்ளுமே. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். மார்சல் வாயிலிருந்து வருவதைவிட என்னிடமிருந்து வருவது மேல் என்று தோன்றியது. ரெமோனிடம் இப்படிச் சொல்லி அனுப்பினேன்: "அவ காலால அழிச்சதை நீங்க பலகையில எழுதுறதுன்னா, அவகிட்ட கேட்டு எழுதுங்க. நான் சம்மதம் சொல்ல மாட்டேன்."

அம்மா ரயிலில் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். "எல்லாத்தையும் ஒரு காலால அழிச்சிட்டியேடி." நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அவளை அடக்கம் செய்ய வந்தபோதும் இரண்டு இரவு ஓட்டலில் தங்கிவிட்டு, கிளப் தெருவைச் சுற்றிக்கொண்டு போனாய். ஆனால் அந்த ரயிலுக்குப் பிறகு அவள் மாறியது உனக்குத் தெரியாது. கடைசி வருடங்களில் அவள் டிவியில் பாரிஸ் ஆட்டம் பார்ப்பாள். யாராவது ஒருத்தர் தடத்தைத் தானே அழித்தால், தையலைக் கீழே வைத்துவிட்டு ஒடெட்டைக் கூப்பிடுவாள்: "பாரு, பாரு. எங்க பொண்ணும் இப்படித்தான்." ஒடெட் இங்கே பேனாவை நிறுத்திவிட்டு ஆமாம் என்கிறாள். இதை உன்னிடம் சொல்லச் சொல்லி அம்மாவிடம் எத்தனையோ முறை சொன்னேன். அவ வரட்டும், நேர்ல சொல்றேன் என்பாள்.

புனிதர் நாளுக்கு அவள் கல்லறைக்குச் சாமந்தி வாங்க வேண்டும். சென்ற வருடம் ஒடெட்தான் தொட்டியைத் தூக்கினாள். அது முடிந்ததும் களத்தைக் குளிர்காலத்துக்கு மூடிவிடுவார்கள். நான் வேலை பார்த்த செங்கல் சூளையை இடித்துவிட்டார்கள், ஆனால் களத்தில் அடியில் கிடப்பது இன்னமும் நம் சூளையின் உடைந்த செங்கல் பொடிதான்.

சின்ன வயதில் நீ ஆடி முடித்ததும் பசிக்கிறது என்று ஓடப் பார்ப்பாய். பொடியைச் சமப்படுத்தும் இழுவலையைக் களம் முழுக்க இழுத்து எல்லாத் தடத்தையும் அழித்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும் என்று உன்னை நான் திருப்பி அனுப்புவேன். அந்த இழுவலையை இழுக்காமல் நீ எந்தக் களத்தையும் விட்டு வந்ததில்லை. பாரிஸில் ஒரே ஒரு தடத்தை அழித்துவிட்டு வந்துவிட்டாய்.

பலகையில் என்ன எழுதுவது என்பதை நீயே வந்து சொல். ஒன்றும் வேண்டாம் என்றாலும் வந்து சொல். மூடுவதற்கு முன்னால் ஒரு மாலை நாம் இருவரும் ஆடுவோம். நான் நாற்காலியில் உட்கார்ந்துதான் ஆடுவேன், நீ பொறுத்துக்கொள். இழுவலை அதே கம்பிவேலியில், அதே ஆணியில்தான் தொங்குகிறது. ஒரு முனையை நான் பிடித்துக்கொள்கிறேன்.

பத்திரமாக இரு, மகளே.

உன் அப்பா
அன்செல்ம்