துறைமுகத்துக்குள் வந்த முஷிமஸ் கூட்டம்

அன்பு மகள் ரவூஃபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் அம்மாவும் நலம். உன் காது எப்படி இருக்கிறது? எழுந்து நடக்கும்போது தலை சுற்றுவது நின்றுவிட்டதா? போன் செய்தால் உன் சித்திதான் எடுக்கிறாள். "தூங்குறா மச்சான்" என்கிறாள். பகலெல்லாம் தூங்குகிற பெண்ணை நான் பெறவில்லையே. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். மூசாவின் மனைவி கண் வைத்தியத்துக்காக நாளை மறுநாள் திருவனந்தபுரம் வருகிறாள். அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நீ கடலுக்கடியில் படம் எடுக்கும் கேமராவை விற்றுவிடச் சொல்லியிருந்தாய். வாங்குவதற்காக மாலேயிலிருந்து ஒருவர் வந்தார். உன் அம்மா அவருக்கு ரோஷி ரொட்டியும், தேங்காயும் மீனும் பிசைந்த மஸ்ஹுனியும் வைத்து, தேநீர் கொடுத்து, கடைசியில் பெட்டியின் சாவியைக் காணவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அந்தப் பெட்டிக்குப் பூட்டே கிடையாது என்பது உனக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் துறைமுகத்துக்குள் முஷிமஸ் மீன் கூட்டம் வந்திருக்கிறது. எப்போதும் வருகிற மாதிரி அல்ல. படகுத்துறையிலிருந்து அலைத்தடுப்புச் சுவர் வரை தண்ணீரே கறுத்துக் கிடக்கிறது. மேகத்தின் நிழல் என்றுதான் முதலில் நினைத்தேன். நிழல் திரும்பி வயிற்றைக் காட்டியது. துறைமுகம் முழுக்க வெள்ளியாகிவிட்டது. நான் தோணியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வெளிப் பவளப்பாறையில் அந்த மஞ்சள் மீன்களின் பின்னால் இறங்கித்தான் உன் காது போனது. அந்த மாதிரிக் கூட்டம் இப்போது இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறது. டாக்டர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ஆழத்தில் இனி இறங்கவே கூடாது, மேலே மிதக்கலாம் என்றார். நீ முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

ஊரே வலையோடு வந்து நின்றது. நான் குறுக்கே நின்றேன். மூசா கத்தினான்: "ஹுசைனு, மீனு என்ன உன் மக கல்யாணத்துக்கு வந்த விருந்தாளியா? தள்ளு, வலையப் போடணும்!" நான் சொன்னேன், "எம் மக வரட்டும்பா. ஒரு தடவை பாத்துக்கட்டும். அப்புறம் நீங்க அள்ளிக்குங்க, நானே கூட வந்து இழுக்கறேன்." பிறகு டீக்கடை ஸுபைதாதான் வாய் திறந்தாள். "அந்தப் புள்ள எடுத்த படம்தான் என் கடைச் சுவத்துல தொங்குது. வெளியூர்க்காரங்க அதப் பாத்துட்டுதான் உள்ளயே வர்றாங்க. அடுத்த வெள்ளி வரைக்கும் பொறுத்தா யாரும் செத்துட மாட்டோம்." மூசா வலையைத் தோளில் போட்டுக்கொண்டான். "சரி, வெள்ளி. அதுக்கு மேல என் நாக்கு எம் பேச்சக் கேக்காது" என்றான்.

ஆகவே வெள்ளிக்கு முன்னால் வந்துவிடு, மகளே. மாலேக்கு வந்தால் போதும், தோணியோடு நான் வந்து நிற்பேன்.

இதுவரை நேற்று எழுதியது.

இன்று காலை பாரை மீன்கள் வந்துவிட்டன. ஒவ்வொன்றும் ஆள் பாதி இருக்கும். துறைமுக வாயில் வழியாக உள்ளே புகுந்து முஷிமஸை விரட்டத் தொடங்கின. நான் வீட்டுக்கு ஓடி உன் கேமராவை எடுத்துக்கொண்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் தண்ணீரில் இறங்கினேன். உன் அம்மா கரையில் நின்று திட்டிக்கொண்டிருந்தாள். தலை உள்ளே போனதும் அந்தச் சத்தம் நின்றது.

நாற்பது வருடமாக மீனை மேலிருந்துதான் பார்த்திருக்கிறேன். எவ்வளவு தேறும் என்றுதான் பார்த்திருக்கிறேன். உள்ளே அத்தனை கண்கள், ரவூஃபா! பெரிய பெரிய கண்கள். பாரை பாயும்போது கூட்டத்தின் நடுவே ஒரு கிணறு திறந்தது, உடனே மூடிக்கொண்டது. நான் கையை நீட்டினேன், எனக்கும் வழிவிட்டன. "துரத்தாதீங்க பப்பா, சும்மா நின்னா அதுங்களே உங்களச் சுத்தி வரும்" என்று நீ சொன்னது ஞாபகம் வந்து அசையாமல் நின்றேன். வந்தன. என்னைச் சுற்றிச் சுவர் மாதிரி நின்றன. இதற்காகவா நீ ஒவ்வொரு நாளும் சோறு ஆறிப்போகும் வரை கடலில் கிடந்தாய்? எனக்கு மூச்சு முட்டியது. ஆனாலும் மேலே வர மனம் வரவில்லை.

பிறகு மொத்தக் கூட்டமும் ஒரே திசையில் திரும்பி, வாயில் வழியே வெளியே போய்விட்டது. மதியம் வரை நின்று பார்த்தேன். திரும்பவில்லை.

படங்களை உன் அம்மா பார்த்தாள். பாதி என் விரல், மீதி என் சட்டை என்கிறாள். ஒன்றிரண்டில் ஏதோ மின்னுகிறது.

ஊர்க்காரர்கள் முகத்தில் விழிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர்கள் வீட்டுச் சட்டியில் விழ வேண்டிய மீன். மூசா காலி வாளியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். திட்டப்போகிறான் என்று நினைத்தேன். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உள்ள எப்பிடிடா இருந்துச்சு?" என்று கேட்டான். "எம் மகளக் கேளு" என்றேன். "அவ எங்கடா இருக்கா கேக்கறதுக்கு?" என்றான்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். உன் அம்மா பிடுங்கிக்கொண்டாள். "மீனுக்காகவா அவளக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

மீன் இருந்தவரை உன்னைக் கூப்பிடுவது எனக்குச் சுலபமாக இருந்தது. இப்போது துறைமுகத்தில் வெறும் தண்ணீர்தான். உனக்குக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆனாலும் வா, மகளே. அல்லாஹ் உன்னைப் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வரவை எதிர்பார்த்து,
பப்பா
ஹுசைன் மனிக்